தோட்டத்து ஊரில் விசுவாச வாழ்க்கை: விடியற்காலை முதல் சம்பள நாள் வரை ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்தைப் போன்ற தோட்டத்து ஊர்களில் ஒருவருடைய வாழ்க்கை மற்றவர்களுக்கு மறைவாக இருப்பதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பக்கத்து வீட்டில் எழும் சண்டை நம் சமையலறை வரை கேட்கிறது. யார் எந்தக் கடையில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்பது கடைக்காரருக்கு மட்டுமல்ல, கடைக்கு வந்துபோகிற பாதிப் பேருக்குத் தெரியும். ஆகையால் இப்படிப்பட்ட ஊரில் ஒரு கிறிஸ்தவருடைய விசுவாசத்தை எடைபோடுகிறவர்கள் ஆலயத்தில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் அல்லர். வாரத்தின் மற்ற ஆறு நாள்களும் அவரோடு புழங்குகிற மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), கடைக்காரர், அண்டை வீட்டார், வேறு சமயத்தைச் சேர்ந்த சொந்தக்காரர் ஆகியோரே. இந்த வழிகாட்டி அந்த ஆறு நாள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இதிலுள்ள படிகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் படி ஒரு மாதம் நிலைத்த பின்னர் அடுத்ததைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு தொடங்குகிறவர்கள் தைப்பூசத்துக்குள் நிறுத்திவிடுவதைப் பல சபைகளில் காணலாம்.

முதற்படி: ஜெபத்துக்கு ஒரு நிலையான இடத்தை நாளுக்குள் ஒதுக்குதல்

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறவர்களும் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை அறுக்கிறவர்களும் விடியுமுன்னே எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் பகல், இரவு என்று மாறி மாறி வேலை செய்கிறார்கள். இவர்களிடம் போய், காலையில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து ஜெபியுங்கள் என்று சொல்வது எளிது. அது நடக்கிற காரியம் அன்று. பத்து நிமிடம் போதுமானது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் கடிகாரத்தோடு கட்டப்படாமல், தினமும் தவறாமல் செய்கிற ஏதேனும் ஒரு வேலையோடு கட்டப்பட வேண்டும். தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தவுடன், அல்லது முகம் கழுவியவுடன், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பாக என்று வைத்துக்கொள்ளலாம். இரவு வேலை முடித்துக் காலையில் வீடு திரும்புகிறவருக்கு மாலையே விடியல். அவர் எழுகிற வேளைதான் அவருடைய காலை ஜெப வேளை. தானியேல் பாபிலோனில் அரசு அலுவல்களுக்கு நடுவே நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டதாக அவருடைய புத்தகத்தின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. அது அவர் முன்பிருந்தே செய்துவந்த வழக்கம் என்பதையும் அதே வசனம் சேர்த்துச் சொல்கிறது. சிங்கக் கெபியில் வெளிப்பட்ட உறுதி, ஒன்றும் நடக்காத சாதாரண நாள்களின் வழக்கத்தில் ஊறியது.

முதல் வாரத்தில் கர்த்தருடைய ஜெபத்தை மட்டும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்குப் பிறகும் நிறுத்தி, மெதுவாகச் சொல்லுங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்னும் இடத்தில் அன்றைய செலவை நினைத்துக்கொள்ளலாம். மன்னிப்பைக் கேட்கும் இடத்தில் நாம் மன்னிக்க வேண்டிய ஆளின் பெயரைச் சொல்லலாம். இரண்டாம் வாரம் முதல் ஒரு சிறிய குறிப்பேட்டில் நாளுக்கு ஐந்து பெயர்களுக்கு மேற்படாமல் எழுதி, அவர்களுக்காக ஜெபியுங்கள். அந்த ஐவரில் ஒருவராவது நமக்குப் பிடிக்காதவராக இருப்பது நல்லது. சுவர் ஒட்டிய வீடுகளில் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் அன்பின் ஒரு பகுதிதான். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன மத்தேயு 6ஆம் அதிகாரம், அடுத்த வீட்டில் இரவு வேலை முடித்து உறங்குகிறவருக்கும் நன்மை செய்கிறது.

இரண்டாம் படி: வேதத்தைச் சிறிது சிறிதாக, தொடர்ந்து வாசித்தல்

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள் உள்ளன. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வாசித்தால் 52 வாரங்களில் அது முழுவதும் முடிந்துவிடும். இரண்டு நாள் விடுபட்டாலும் கணக்குத் தவறாது. முற்றிலும் புதியவர்கள் 16 அதிகாரங்களே உள்ள மாற்குவில் தொடங்கலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால், அன்றைய தேதிக்குரிய அதிகாரத்தை வாசிப்பது பலருடைய வழக்கம். விட்ட இடத்தைத் தேட வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியோடு தமிழ் வாசிப்பை நிறுத்திக்கொண்ட இளையோருக்குப் பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாகத் தோன்றினால், தொழிற்சாலைப் பேருந்தில் போகும்போது ஒலிப்பதிவாகக் கேட்கட்டும், அல்லது ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் இன்று நான் செய்ய வேண்டியது எது? பதில் ஒரு வரிக்கு மேல் நீண்டால் அது பெரும்பாலும் செய்யப்படுவதில்லை.

மூன்றாம் படி: வேலைக்காட்டில் உண்மையாயிருத்தல்

இங்கேதான் காரியம் கனமாகிறது. பாலில் தண்ணீர் கலப்பது, ஒட்டுப்பாலில் (மரத்திலும் கிண்ணத்திலும் உறைந்த பாலில்) மண்ணையும் கல்லையும் சேர்த்து எடை கூட்டுவது, குலைக் கணக்கைக் காட்டுவதற்காகப் பழுக்காத செம்பனைக் குலையை வெட்டிப் போடுவது, குனிந்து பொறுக்கச் சோம்பி உதிரிப் பழத்தைப் புல்லுக்குள் தள்ளிவிடுவது ஆகிய எல்லாமே தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த தந்திரங்கள். பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை வைத்து அளப்பதற்குக் காரணமே, எடையை மட்டும் நம்ப முடியாது என்பதுதான். "நிர்வாகம் நம்மை ஏமாற்றவில்லையா?" என்னும் கேள்வி உடனே எழும். அது நியாயமான கேள்வி. அதற்குரிய பதில் தொழிற்சங்கத்திலும் தொழிலாளர் இலாகாவிலும் கேட்கப்பட வேண்டியது, பால் வாளியில் அன்று. "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியது முதலில் அடிமைகளுக்கு. கூலியும் உரிமையும் இல்லாதிருந்தவர்களிடமே அது சொல்லப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வசனத்தை முதலாளிமார் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்துவது எவ்வளவு தவறென்று விளங்கும். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களை நோக்கி நீதியும் செவ்வையுமாய் நடக்கச் சொல்கிறது.

ஆகவே மண்டோராகவும் கிராணியாகவும் (தோட்ட எழுத்தராகவும்) குத்தகையாளராகவும் இருக்கிற விசுவாசிகளுக்கு இந்தப் படி இன்னும் கடுமையானது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைக்கும் நம்மிடம் தங்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. அறுவடைக்காரர்களுக்குக் கொடாமல் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது; குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்து நம் தாத்தா பாட்டி செய்த அதே வேலையைச் செய்கிறவர்களுக்கு இவை முறையாகக் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது குத்தகையாளரின் ஜெபத்தைவிடக் குறைந்த ஊழியம் அன்று. "ஓடிவிடுவான்" என்று சொல்லி அவர்களுடைய கடப்பிதழை வாங்கிப் பூட்டிவைப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். எகிப்து தேசத்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்களே என்று இஸ்ரவேலுக்கு நினைவூட்டப்பட்டதை, கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: சம்பள நாளுக்கு ஓர் ஒழுங்கு

சம்பளம் கையில் வந்த அன்றே, செலவு தொடங்குமுன், பணத்தைப் பிரித்து வைப்பதுதான் இந்தப் படி. கொரிந்து சபையாருக்குப் பவுல் சொன்னதும் இதுவே: வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்க வேண்டும். மிச்சமானதைக் கொடுப்பதைவிட முதலில் எடுத்து வைப்பதே நன்று. எவ்வளவு என்பதில் சபைக்குச் சபை போதனை வேறுபடுகிறது. பத்தில் ஒரு பங்கு என்பதைக் கட்டாயச் சட்டமாகச் சொல்கிறவர்கள் உண்டு. மனமுவந்து கொடுப்பதே புதிய ஏற்பாட்டின் முறை என்கிறவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டு காரியங்களை மறக்கக் கூடாது. உபாகமம் 14ஆம் அதிகாரம் மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தில் லேவியரோடு அந்நியர், திக்கற்றவர், விதவை ஆகியோருக்கும் பங்கு வைக்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அதைத் தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். தாயாருக்கு நீரிழிவு மருந்து வாங்கப் பணமில்லை, ஆனால் சபைக் கட்டட நிதிப் பட்டியலில் மட்டும் நம் பெயர் மேலே இருக்கிறது என்றால், அந்தப் பட்டியலைத் திருத்த வேண்டும்.

கடன் தொடர்பாகச் சில கறாரான முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. கேட்கிறவர் முகத்தைப் பார்த்த பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் முடிவாக இருப்பதில்லை. ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) வட்டிக்கு வாங்குவதில்லை என்பது முதலாவது. மற்றவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதைப் பற்றி நீதிமொழிகள் 22:26, 27 வசனங்கள் கூறுவது மிக வெளிப்படையானது: கொடுக்க உனக்கு ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள். மைத்துனர் மோட்டார் சைக்கிள் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டால், "மச்சான், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்; முன்பணத்துக்கு என்னால் முடிந்த இருநூறு ரிங்கிட்டைத் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்வது உறவையும் காக்கும், படுக்கையையும் காக்கும். கூட்டுப் பிடிப்பது, அதாவது பலர் மாதந்தோறும் பணம் போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்வது, தோட்டப்புறப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருகிற சேமிப்பு முறை என்றாலும், அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டம் தடை செய்கிறது. பாதியில் ஒருவர் ஓடிவிட்டால் சபைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாகிவிடும். நம்பர் எடுப்பதையும் (எண் சூதாட்டத்தையும்) சம்சு என்னும் மலிவுச் சாராயத்தையும் பற்றி நீண்ட போதனை தேவையில்லை. அவற்றுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதி, மனைவிக்கோ கணவருக்கோ காட்டினால் போதும்.

ஐந்தாம் படி: நாவும் சமரசமும்

மத்தேயு 5:37 "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்கிறது. நடைமுறையில் இதன் பொருள், கடன்காரர் வாசலுக்கு வரும்போது "அப்பா வீட்டில் இல்லை" என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லாதிருப்பது. வாட்ஸ்அப் குழுவில் வருகிற செய்தியை, குறிப்பாக வேறோர் இனத்தையோ சமயத்தையோ பற்றிய செய்தியை, உறுதிப்படுத்தாமல் அனுப்பாதிருப்பதும் இதில் அடங்கும். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அடுத்தவர் வீட்டு ரகசியத்தைச் சபைக் குழுவில் போடுவது புறங்கூறுதலே; சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்தாலன்றிப் பெயரைச் சொல்ல வேண்டாம்.

மனஸ்தாபம் ஏற்பட்டால் என்ன செய்வது என்பதற்கு மத்தேயு 18ஆம் அதிகாரம் வரிசை கொடுத்திருக்கிறது. முதலில் அவரும் நாமும் தனித்திருக்கையில் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிச் செல்ல வேண்டும். அதன் பின்னரே சபை. நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் ஊருக்குத் தெரிகிறது, பிறகு போதகருக்கு, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவருக்கு. சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்னும் எபேசியர் 4:26ஐ அப்படியே கடைப்பிடிக்க முடியாத நாள்கள் உண்டு, ஏனெனில் குடிவெறியில் இருக்கிற மனிதரிடம் அன்று மாலையே பேசப் போவது அறிவுடைமை அன்று. அப்படிப்பட்ட நாளில், எந்த நாளில் எந்த நேரத்தில் போய்ப் பேசுவது என்பதையாவது உறங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். அடிக்கிற கணவர், மிரட்டுகிற கடன்காரர் போன்றோரிடம் தனியாகப் போய்ச் சமரசம் பேசும்படி யாரையும் அனுப்பக் கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பும் போலீஸ் புகாரும், மன்னிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஆறாம் படி: வேறு சமயச் சொந்தங்களோடும் அண்டை வீட்டாரோடும்

தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்குச் சித்தப்பா வீடோ மாமியார் வீடோ இந்து வீடுதான். ஆகவே தீபாவளித் தட்டு, கோயில் திருவிழா அன்னதானம், துக்க வீட்டுப் படையல் ஆகியவற்றின் முன் என்ன செய்வது என்னும் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. கொரிந்து நகரத்து விசுவாசிகளுக்கும் இதே கேள்வி இருந்தது. பவுல் அதற்கு மூன்று அதிகாரங்கள் ஒதுக்கினார். 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தின் முடிவில் அவர் தரும் நடைமுறை தெளிவானது. கடையில் விற்பதை ஒன்றும் விசாரியாமல் வாங்கிப் புசிக்கலாம். வேற்றுச் சமயத்தார் விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போய், முன்னே வைக்கப்பட்டதைச் சாப்பிடலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுப் புசியாதிருக்க வேண்டும்.

இதன்படி பார்த்தால், அக்கம்பக்கத்தார் கொண்டுவருகிற முறுக்கையும் அதிரசத்தையும் சந்தேகத்தோடு புரட்டிப் பார்ப்பது தேவையற்றது. பிள்ளைகள் முன்னிலையில் அதைக் குப்பையில் போடுவது அன்புக்கே விரோதமானது. படையலிலிருந்து எடுத்ததென்று சொல்லித் தந்தால், வாங்க மறுக்கிற விதம்தான் முக்கியம். "அத்தை, படைத்ததை மட்டும் எனக்கு வேண்டாம், அடுக்களையில் இருக்கிற சோற்றைப் போடுங்கள், உங்கள் வீட்டில் சாப்பிடாமல் நான் போகமாட்டேன்" என்று சொல்கிற மருமகனிடம் எந்த அத்தையும் நீண்ட நாள் கோபமாக இருப்பதில்லை. துக்க வீட்டுக்கு முதல் ஆளாகப் போங்கள். நாற்காலி எடுத்துப் போடவும், கூடாரம் கட்டவும், தேநீர் கலக்கவும் முன்வாருங்கள். சடங்கு நேரத்தில் ஒதுங்கி நிற்பதை, இரவெல்லாம் உழைத்தவர் செய்யும்போது யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சடங்கு வேண்டாம் என்று சாவுக்கே போகாமல் இருந்துவிடுகிறவரைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது, அதில் ஊர் சொல்வது சரி.

முதிய தாயாரைக் கோயில் வாசல் வரை கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல வேண்டிய மகன் என்ன செய்வது? நாகமான் தன் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணிகிறபோது தன் கையின் மேல் சாய்வாரே என்று எலிசாவிடம் மன்னிப்புக் கேட்டதும், "சமாதானத்தோடே போ" என்று தீர்க்கதரிசி சொன்னதும் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் உள்ளன. அது முழு அனுமதியா, இல்லையா என்பதில் போதகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என் மட்டில், தாயாரைத் தடுமாறி விழவிடுவது விசுவாசத்தின் அடையாளம் ஆகாது என்றே எண்ணுகிறேன். உள்ளே வணங்குவது வேறு, வாசலில் காத்திருந்து அழைத்து வருவது வேறு.

மலாய் அண்டை வீட்டாரைக் கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைக்கும்போது, உணவை ஹலால் சமையல்காரரிடமிருந்து தருவித்து, தனித் தட்டுகளில் வைத்து, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரசாரத்தை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்த கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதை ஒவ்வொரு சபையாரும் அறிந்திருக்க வேண்டும். எந்தச் சமயத்தாருக்கும் அரிசியும் மருந்தும் கொடுக்கும்போது, அதற்கு ஈடாக எதையும் எதிர்பார்க்காமல் கொடுப்பதே நேர்மை.

ஏழாம் படி: ஓய்வு நாளும் சிறு கூட்டமும்

கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பலருக்கு ஞாயிறு வேலை நாள். பெரிய வெள்ளிக்கோ தீபகற்ப மலேசியாவில் பொது விடுமுறை இல்லை, சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே உண்டு. இதைப் பற்றி அங்கலாய்ப்பதைவிடத் திட்டமிடுவது பயன் தரும். வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கும் ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு உண்டு; வெள்ளியன்றும் வேலை இருக்கிறவர்கள் அதில் ஒரு நாளை ஜனவரியிலேயே பெரிய வெள்ளிக்கென்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை வர முடியாதவர்களுக்கு மாலை ஆராதனை நடக்கிற சபைகள் இருக்கின்றன, இல்லாவிட்டால் கேட்கலாம். வாரத்தில் சட்டம் தருகிற ஓய்வு நாளைக் கூடுதல் சம்பளத்துக்காகத் தொடர்ந்து விற்றுவிடாதிருப்பதும் ஒரு விசுவாசச் செயல்தான், ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு வாரம் கூடுதல் வேலை செய்கிறவரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஆராதனை ஒன்றே போதாது என்பதை மெத்தடிஸ்ட் இயக்கத்தின் வரலாறு காட்டுகிறது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சபைக் கட்டடக் கடனை அடைக்க, ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்களை நியமித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாக அனுப்பினார்கள். போனவர்கள் அங்கே குடியையும் சண்டையையும் கண்டு வந்து, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் சொன்னார்கள். அந்த வசூல் ஏற்பாடே வாராந்தர வகுப்புக் கூட்டமாக மாறியது. நம் ஊரில் இதைத் தொடங்க நான்கு பேர் போதும். வாரத்தில் ஒரு மாலை, ஒரு வீட்டில், ஒரு மணி நேரம் கூடுங்கள். பலகாரத்தில் போட்டி வந்துவிடாதபடி தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு, அந்த வாரம் வாசித்த ஓர் அதிகாரம், பின்பு ஒவ்வொருவரும் இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும்: இந்த வாரம் எதைச் செய்ய முடிந்தது, எங்கே தடுமாற்றம் ஏற்பட்டது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் கூடினால் பேச்சு இன்னும் வெளிப்படையாக இருக்கும். அங்கே பேசப்பட்டது அந்த வீட்டுக்கு வெளியே போகக் கூடாது. போனது தெரிந்தால், போன வழியைக் கண்டறிந்து அடுத்த கூட்டத்திலேயே பேசித் தீர்க்க வேண்டும், இல்லையேல் மூன்றாம் வாரத்தில் யாரும் உண்மை பேசமாட்டார்கள். இரவு வேலையில் இருப்பவருக்கு அந்த வாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்து அதே இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும். யார் அழைப்பது என்பதைக் கூட்டம் கலையுமுன் பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.